பத்தாம் வகுப்புக்கு முசோலினியைப் பற்றிப் பாடம் எடுப்பது எப்படி

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் 22 வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். தொடக்கத்தில் இந்தப் பாடத்தை இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் மேடைப் பேச்சிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஒரு வருடம் ஒரு பையன் பெஞ்சு மேல் ஏறி, தாடையைத் தூக்கி, மார்பை நிமிர்த்தி அவனைப் போலவே நடித்தான். வகுப்பே கைதட்டியது. எனக்குப் பகீரென்றது. அதற்குப் பிறகு முசோலினிக்கு வழிவிட்டவர்களை முதலில் சொல்கிறேன்.

ஒரு சுள்ளிக்கட்டு கொண்டுபோங்கள். கோடாலியைப் பலகையில் வரைந்தால் போதும். பண்டைய ரோமில் அதிகாரிகளுக்கு முன்னால் கோடாலி செருகிச் சுமந்துபோன கட்டு அது. முசோலினி கட்சியின் பாசிசம் என்ற பெயரும் கட்டு என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அவனுடைய கருஞ்சட்டைப் படை என்றதும் நம் பிள்ளைகள் பெரியார் தொண்டர்களை நினைப்பார்கள். சாதி இழிவைக் காட்ட இங்கே போட்ட கறுப்புச் சட்டை வேறு, எதிர்க்கட்சிக்காரர்களை அடித்து நொறுக்கிய அந்தக் கூட்டத்தின் சட்டை வேறு. இதை அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு 1922 அக்டோபர். நாடாளுமன்றத்தின் 535 இடங்களில் அவன் கட்சிக்கு 35 மட்டும். ரோமை நோக்கித் தொண்டர்கள் நடந்தபோது அவன் மிலான் நகரில் இருந்தான். படையை இறக்கும் ஆணையைப் பிரதமர் ஃபாக்டா எழுதி வைத்திருந்தார். மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்தார். முசோலினி இரவு ரயிலேறி வந்து பிரதமரானான். மன்னர் பெயரைப் பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள், அழிக்க வேண்டாம்.

1923 தேர்தல் சட்டத்தை வாயால் விளக்கினால் ஏறாது. 40 பேரை எழுப்பி நிறுத்துங்கள். 10 பேர் ஒரு பக்கம் வரட்டும். மற்ற 30 பேரும் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து நின்றால், இந்தப் பத்துப் பேருக்கே 27 நாற்காலி. முதலிடம் பிடித்த கட்சிக்குக் கால் பங்கு ஓட்டிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு இடம் என்பதுதான் சட்டம். “அது எப்படி டீச்சர் நியாயம்?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

அந்தக் கேள்வி சூடாக இருக்கும்போதே சோசலிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயொத்தியைச் சொல்லுங்கள். எனக்கு இந்தப் பாடத்தின் உயிரே அவர்தான். 1924 மே 30 அன்று, தேர்தலில் நடந்த அடிதடியையும் மோசடியையும் கூச்சலுக்கு நடுவே எழுந்து நின்று பேசினார். ஜூன் 10 அன்று ரோமில் அவரைக் காரில் கடத்திக் கொன்றார்கள். உடல் ஆகஸ்டில்தான் கிடைத்தது. நாடே கொதித்தது, அப்போதும் மன்னர் அசையவில்லை. 1925 ஜனவரி 3 அன்று நாடாளுமன்றத்திலேயே ‘நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு’ என்றான் முசோலினி. தடுக்க ஆளில்லை. அதே வருடம் ஜூலையில்தான், பேசியதற்காகச் சிறைப்பட்டுத் தொழுநோயோடு வெளிவந்த சுப்பிரமணிய சிவா, நம் பாப்பாரப்பட்டியில் காலமானார். பிள்ளைகளுக்குத் தெரிந்த நினைவிடம் அது; 1925 மறக்காது.

முசோலினியின் குணத்தைச் சொல்ல இரண்டு செய்தி போதும். அவன் தூங்கப் போன பிறகும் அலுவலக விளக்கு எரியும், பார்ப்பவர்கள் உழைக்கிறான் என்று நம்ப. சுவரெல்லாம் ‘முசோலினி சொல்வதே எப்போதும் சரி’ என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்டவனிடம் படையில் பீரங்கி போதாது என்று யார் சொல்வார்? 1940-ல் இரண்டாம் உலகப் போரில் குதித்தான்.

வீழ்ச்சியை நடிக்க விடுங்கள். 1939-க்குப் பிறகு கூட்டாத பாசிசப் பெருமன்றம், அதாவது அவன் கட்சித் தலைவர்களின் உச்ச சபை, 1943 ஜூலை 24 மாலை கூடுகிறது. சிசிலியில் நேச நாட்டுப் படை இறங்கிவிட்டது, ரோமில் குண்டு விழுந்துவிட்டது. 28 பிள்ளைகளை உட்கார வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். படைத் தலைமையை மன்னரே திரும்ப எடுக்கட்டும் என்ற தீர்மானத்துக்கு 19 பேர் ‘ஆம்’ சொல்ல வேண்டும். அதில் ஒருவர் அவன் மருமகன் சியானோ. மறுநாள் அவனைப் பதவி நீக்கிக் கைது செய்யவைத்தது யார் என்று கேட்டு, பலகை ஓரத்துப் பெயரைக் காட்டுங்கள்.

ஹிட்லர் மீட்டதையும் வடக்கில் பொம்மை அரசு நடத்தியதையும் விரைவாகக் கடந்துவிடலாம். 1945 ஏப்ரலில் ஜெர்மன் ராணுவக் கோட்டுக்குள் ஒளிந்து தப்பும்போது பிடிபட்டுச் சுடப்பட்டான். மிலானில் தலைகீழாகத் தொங்கிய படத்தை மட்டும் காட்டாதீர்கள். பிறகு பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் நினைவில் நிற்கும். அதே சதுக்கத்தில் 1944 ஆகஸ்டில் 15 கைதிகளைச் சுட்டுப் போட்டிருந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

போன வருடம் ‘ஆம்’ சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி உட்காராமல் நின்றாள். “இந்த 19 பேரும் மத்தேயொத்தி செத்தப்போ எங்க டீச்சர் இருந்தாங்க?” அடுத்த பீரியடைக் கணக்கு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.