பழுது பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கோட் ரிவ்யூ செய்வது, அதாவது அவர்கள் எழுதிய நிரலைப் படித்துத் தவறு சொல்வது, என் வேலையில் பாதி. மற்ற நேரத்தில் பெரும்பாலும் ஏதாவது ஒரு காரின் பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். என் கார் ஒழுங்காக ஓடினால் நண்பர்களின் கார் இருக்கவே இருக்கிறது. இரண்டு இடத்திலும் புதியவர்கள் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள். எல்லாம் நானும் கடந்து வந்தவை என்பதால் பெரிதாகக் கோபம் வருவதில்லை. ஒன்றுக்கு மட்டும் இன்னும் வருகிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

வேரியபிளுக்கு நல்ல பெயர் வையுங்கள், ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைக்காதீர்கள் என்ற அறிவுரையெல்லாம் இங்கே கிடையாது. அதைச் சொல்ல நிறைய ஆட்கள் இருக்கிறார்கள்.

காரணம் தெரியும் முன் கைவைப்பது

எங்கள் குழுவில் ஒரு தம்பி. கெட்டிக்காரப் பையன். அவன் கவனித்துக்கொண்டிருந்த சர்வீஸ் (சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) சில மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் எல்லா ரிக்வெஸ்ட்டும் டைம்அவுட் ஆகும். டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்காக 30 விநாடி காத்திருந்தேன், கிடைக்கவில்லை என்று லாகில், அதாவது நிரல் எழுதிவைக்கும் பதிவில், வரிசையாக வந்துகொண்டிருந்தது. மாலையில் என்னிடம் வந்து, "அண்ணா, சரியாயிடுச்சு" என்றான்.

"என்ன பண்ணினே?"

டைம்அவுட்டை 60 விநாடி ஆக்கியிருந்தான். தோற்றால் இன்னும் மூன்று முறை முயலும்படி ரீட்ரை சேர்த்திருந்தான். கனெக்‌ஷன் பூலை, அதாவது டேட்டாபேஸோடு பேசத் தயாராகத் திறந்துவைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை, 20-லிருந்து 50 ஆக்கியிருந்தான். போகிற போக்கில் டேட்டாபேஸோடு பேச உதவும் டிரைவர் என்ற நிரலையும் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தான். எல்லாம் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில்.

"இதுல எது சரி பண்ணுச்சு?"

"தெரியல அண்ணா. ஆனா ஓடுது."

டிக்கெட் மூடப்பட்டது. சில நாள் கழித்துக் கோளாறு திரும்பி வந்தது, இந்த முறை கூட்டாளிகளோடு. உண்மையான காரணம் மிகச் சாதாரணமானது. வெளியே இன்னொரு சர்வீஸைக் கூப்பிடும் இடத்தில், அங்கிருந்து பதில் வராமல் போனால் எக்செப்ஷன் (நிரலைப் பாதியில் வெளியேற்றும் பிழை) எழும். அந்த வழியில் வெளியேறும்போது கையில் இருந்த கனெக்‌ஷனைப் பூலுக்குத் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கனெக்‌ஷன் காணாமல் போகும். இருபதும் போனதும் கடை மூடல்.

இப்போது அவன் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரீட்ரை வந்ததால், முன்பு ஒரு தோல்விக்கு ஒரு கனெக்‌ஷன் போனது, இப்போது நான்கு போகிறது. பூல் காலியானபின், 30 விநாடியில் பிழையைப் பார்த்த பயனர் இப்போது நான்கு நிமிடம் காத்திருந்து அதே பிழையைப் பார்க்கிறார். பூலைப் பெரிதாக்கியதுதான் உச்சம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நாம் மாற்றாத வரை மொத்தம் 100 கனெக்‌ஷனைத்தான் அனுமதிக்கும். இந்த சர்வீஸ் மூன்று நகல்களாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு மூவிருபது அறுபது. எவ்வளவு வீணானாலும் அந்த சர்வீஸ் மட்டும்தான் படுக்கும். இப்போது 150 வரை கேட்கும். அதே டேட்டாபேஸை நம்பியிருந்த மற்ற சர்வீஸ்களுக்கும் இடம் இல்லாமல் போய், சம்பந்தமே இல்லாத குழுக்கள் நடு இரவில் எழுந்து உட்கார்ந்தன.

டிரைவர் பதிப்பு மாறியதால் ஏதாவது நடந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்கவே தனியாக நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதி செய்யவும் நேரம் வேண்டுமல்லவா.

சரி, காரணமே தீராதபோது முதல் நாள் ஏன் ஓடியது? இந்த இடத்தைத்தான் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டிப்ளாய் செய்தால், அதாவது புது நிரலை சர்வரில் ஏற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆனால் காணாமல் போன கனெக்‌ஷன் எல்லாம் விடுபடும். நிரலில் ஒரு காலி வரியைச் சேர்த்து டிப்ளாய் செய்திருந்தாலும் அன்று மாலை அது ஓடியிருக்கும். பழுது பார்த்த செயலே அறிகுறியைக் கொஞ்ச நாளைக்கு அடக்கிவிட்டது. நல்ல பெயர் மட்டும் அவன் செய்த மாற்றத்துக்குப் போனது.

காரில் இது அப்படியே நடக்கும். செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்ற கோளாறுக் கோடு (குறியீட்டு எண்) வருகிறது. எரிபொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். அவ்வளவுதான் அது சொல்கிறது. எந்தப் பார்ட் கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் செய்தி புகையில் இருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் வழியாக வந்தது என்பதால் பலரும் முதலில் அதையே கழற்றி மாற்றுகிறார்கள். பெரும்பாலும் அந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்ததால்தான் விளக்கே எரிந்திருக்கும்.

மாற்றும்போது பேட்டரி வயரைக் கழற்றுகிறார்கள், இல்லையென்றால் ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் கோடை அழிக்கிறார்கள். விளக்கு அணைகிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் இதுவரை கற்றுவைத்திருந்த எரிபொருள் திருத்தமும் அழிந்துபோகிறது. இந்த வகைக் கோளாறுக்கு, பொதுவாக அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் அது தென்பட்டால்தான் விளக்கு மறுபடி எரியும். திருத்தம் மறுபடி எல்லையைத் தாண்டவும் நேரம் பிடிக்கும். ஆக, சில நாள் நிம்மதி. "சென்சார் மாத்தினேன், சரியாயிடுச்சு" என்று நாலு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு திரும்பி வருகிறது. அடுத்து ஸ்பார்க் பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர் என்று பட்டியல் நீள்கிறது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தவுடன் கன்வெர்ட்டரையே மாற்றுவது இதைவிடச் செலவான கூத்து. எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் அந்தக் கோடு வரலாம்.

பார்க்க வேண்டியது அதே ஸ்கேனரிலேயே இருக்கிறது. லைவ் டேட்டாவில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் என்று ஒரு எண் ஓடும். கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் கொடுக்கிறது என்பது அது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் சந்தேகப்படலாம். உள்ளே வரும் காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கும் எஞ்சின் என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. ஐடிலிங்கில் அந்த எண் +20 காட்டி, 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பிடித்தால் பூஜ்யத்தை நோக்கி இறங்குகிறதா? எங்கோ குழாய் வழியாக அளக்கப்படாத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு, அதனால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும்; வேகம் ஏறினால் அதே கசிவு மொத்தத்தில் அற்பமாகிவிடும். மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற எண்ணும் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை, ஒரு போல்ட் கூடக் கழற்றவில்லை.

நண்பர் ஒருவரின் காரில் இரண்டு சென்சார் மாற்றிய பிறகுதான் என்னிடம் வந்தது. எண்ணைப் பார்த்ததும் கசிவு என்று தெரிந்துவிட்டது. ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புக்கு அடிப்பக்கத்தில் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் புதுக் குழாய் மாதிரி இருக்கும். விரலை விட்டு மடித்தால்தான் வாயைத் திறக்கும். கழற்றிப்போட்ட பழைய சென்சார்கள் இரண்டும் நல்ல நிலையில் டிக்கியில் கிடந்தன.

சளி பிடித்தவர்கள் பண்ணுவதும் இதேதான். ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகும் சளிக்கு ஆறாம் நாள் எதைக் குடித்தார்களோ அதற்குப் பெயர் கிடைக்கும்.

அதனால், கைவைக்கும் முன் கோளாறு எப்போது வருகிறது, எந்த எண் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரியானது போலத் தெரிந்தால், முடிகிற இடத்தில் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கோளாறு திரும்பி வந்தால் நீங்கள் கண்டுபிடித்தது காரணம். வராவிட்டால் வேறு ஏதோ உங்களுக்காக வேலை பார்த்திருக்கிறது.

"புரொடக்‌ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் சர்வர்) விழுந்து கிடக்கும்போது ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்க முடியுமா?" என்பார்கள். முடியாது. ரீஸ்டார்ட் செய்யுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு நிமிடம் செலவழித்துத் தடயத்தை எடுத்துவிடுங்கள்: த்ரெட் டம்ப் (அந்த நொடியில் நிரல் எங்கெங்கே நிற்கிறது என்ற பட்டியல்), லாக், திறந்திருக்கும் கனெக்‌ஷன்களின் பட்டியல். போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற பட்டியலில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் கடைசியாக ஓட்டிய குவெரி இருக்கும். எங்கள் கதையில் டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா கிடந்த கனெக்‌ஷன்கள் எல்லாம் ஒரே குவெரியைக் காட்டின. அந்தக் குவெரியை நிரலில் தேடினால் ஒரே ஒரு ஃபங்ஷன். பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் ஒரு ஃபைனலி பிளாக்கில் இணைப்பைத் திருப்பித் தந்ததோடு விஷயம் முடிந்தது. காரிலும் கோளாறுக் கோடை அழிக்கும் முன் ஸ்கேனரில் தெரியும் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எஞ்சின் சூடாக இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

காலி கேட்ச் பிளாக்

பிழையைப் பிடித்துவிட்டு எதுவும் செய்யாமல் விட்டுவிடும் நிரல் துண்டு இது. ஆயில் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவதும் இதுவும் ஒன்று.

திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் நடந்ததைப் புதியவர்கள் எல்லோரையும் படிக்கச் சொல்வேன். ரெப்ளிகேஷன் (முதன்மை சர்வரின் தரவைத் துணை சர்வருக்கு நகலெடுப்பது) கோளாறைச் சரி செய்துகொண்டிருந்த ஒருவர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. அதுகூட யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பும் டேட்டாபேஸின் பதிப்பும் பொருந்தாமல் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. மெயில் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ கையால் எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) காப்பாற்றியது. இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுப் படங்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் இது பொருந்தும். வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பழைய படம் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

பணத்தை ஃப்ளோட்டில் வைப்பது

ஃப்ளோட் என்பது கம்ப்யூட்டர் தசம எண்ணைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் முறை. அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 வரும். பணத்தைப் பைசாவில், முழு எண்ணாக வையுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை டிப்ளாய்

வேண்டாம்.

மினுக்கும் விளக்கோடு ஊர் போய்ச் சேர்வது

செக் எஞ்சின் விளக்கு நின்று எரிந்தால் மெதுவாக வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் கதை வேறு: எஞ்சினில் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், கன்வெர்ட்டர் உருகக்கூட வாய்ப்புண்டு. இக்னிஷன் காயில் ஒன்றோடு முடிய வேண்டிய செலவு எங்கோ போய் நிற்கும். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஓரங்கட்டுங்கள். சிவப்பு ஆயில் விளக்குக்கு "மெதுவாக" என்பதே கிடையாது. உடனே எஞ்சினை அணையுங்கள்.

டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டரால் மட்டும் கணக்கிடுவது

எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைப்பது இந்த பெல்ட். கார் நின்றுகொண்டிருந்தாலும் ரப்பர் பெல்ட்டுக்கு வயதாகும். கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும்.

வீல் நட்டும் டயரும்

நட்டைக் குறுக்குக்கு எதிர்க்குறுக்காக, கையேட்டில் உள்ள டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்குங்கள். இம்பாக்ட் ரெஞ்சைக் காது கிழியும்வரை அழுத்துபவர்கள் நட் ஏறும் ஸ்டட்டை இழுத்து நீளமாக்கிவிடுகிறார்கள். சக்கரம் கழற்றி மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

டயரில் பட்டன் (தரையில் படும் பள்ளங்கள்) ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கப் போகும்போது நாலு டயரிலும் படியுங்கள், டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியிலும் படியுங்கள். பல காரில் அது கார் பிறந்த அன்று வைத்ததாகவே இருக்கும். காற்று இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.