அம்மாவின் மோதிரத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

சொக்லேட் எத்தனை கிலோ, நுளம்புக்கு என்ன பூசுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பழைய கல் மோதிரத்தைப் பெரியம்மா வீட்டில் கழற்றி வைக்காதீர்கள்.

நான் கை அலம்பக் கழற்றினேன். "உது தங்கச்சியின்ர சிவப்புக்கல் எல்லோ?" என்றா. பேரனுக்குச் சூரியன் பலமில்லையாம், மாணிக்கம் தோலில் முட்டவேணும் என்று சாத்திரியார் சொன்னவராம். அம்மாவுடையதோ மூடின கட்டு. சுற்றிவரப் பொன் தகடு, அடியும் அடைப்பு. "அடி திறந்து கட்டித் தா பிள்ளை." அம்மாவைக் கடைசிவரை பார்த்தது பெரியம்மா. ஸ்காபரோவிலிருந்து காசு அனுப்பியது நான். மறுக்க வாய் வரவில்லை.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை. பத்தர் தகட்டை நெம்பிக் கல்லைத் தூக்கினார். உள்ளே அரக்கு, அதன்மேல் ஒரு மூலை கறுத்த சிவப்புத் தாள். வெள்ளைத் துணியில் வைத்தபோது கல், சீனித்தண்ணியில் ஒரு சொட்டுச் சர்பத் விட்ட நிறம். "நிறம் தாளிலதான் தங்கச்சி. தண்ணி இறங்கினா கறுத்துப்போம்." அம்மா அதோடுதான் கிணற்றடியில் உடுப்புத் தோய்ச்சவ.

பெரியம்மா கல்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "கனடாவில மாத்திப்போட்டியே?"

அந்தத் தாளைப் பொட்டலமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். திரும்பியும் பார்க்கவில்லை. இரவு லண்டன் மச்சாள் போன் எடுத்து, "என்னடி நடந்தது?" என்றாள்.

ஆகவே, திறக்க முதல் படம் எடுங்கள். கல்லையும் பொன்னையும் உங்கள் முன்னாலேயே தனித்தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு பவுண் 8 கிராம்; அந்தக் கணக்கில் அரக்கின் நிறையும் பொன்னாக ஏறக்கூடாது. நகம் வைத்துக் கவ்வும் கட்டு வேண்டுமென்றால் 18 கரட் கேளுங்கள், 22 கரட் மெதுமை, நகம் வளைந்து கல் விழும். தோலில் முட்டவும் வேணும், தினமும் போடவும் வேணும் என்றால் சுற்றிவர விளிம்பு, அடி திறப்பு. முத்து, பவளத்துக்கும் விளிம்புதான் நல்லது. கழற்றிய கல்லைக் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதிக்கலாம். விமானத்துக்கு மூன்று நாள் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்கியது என் பிழை.

புதுத் தாள் வைத்துப் பழையபடி மூடச் சொன்னேன். அம்மாவின் விரலில் அது இவ்வளவு சிவந்ததில்லை. வெளிக்கிடும்போது பெரியம்மா வாசலுக்கு வரவில்லை. புழுக்கொடியல் பொதியைப் பேரனிடம் கொடுத்துவிட்டிருந்தா.