கையை மீறிய கார்: இராமநாதபுரம் கடலோரத்தில் ஓட்டிப் பழகுவது எப்படி

வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்த காசில் ஒருவர் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட அதிவேகக் காரை வாங்கினால் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை, நானும் அப்படி வாங்கியவன்தான். ஆனால் வாங்கிய பதினைந்தாவது நாள் காலையில், முகுந்தராயர் சத்திரம் தாண்டி, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகிற ரோட்டில் ஒரு வேனை முந்தப் போனேன். தார் மேல் மெல்லிசாக மணல் படிந்திருந்ததைக் கவனிக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன், வண்டியின் பின்பக்கம் கடல் பார்த்து விலகியது. வேகம் 65தான் இருக்கும். பக்கத்தில் என் மகள். வண்டி வழுக்கும்போது தானாகவே பிரேக் போட்டுத் திருத்துகிற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பிடித்து நிறுத்தியது, நான் எதுவும் செய்யவில்லை, என்ன செய்வதென்றே அப்போது எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கிற ஒருவருக்காவது பயன்படட்டும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். ஸ்விஃப்ட் மாதிரி சுமார் 80 குதிரைத்திறன் உள்ள வண்டி தன் எல்லையை முன்கூட்டியே சொல்லிவிடும்: வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனால் டயர் கத்தும், பாடி சாயும், ஸ்டியரிங் கனக்கும், நாமாகவே காலை எடுத்துவிடுவோம். பிஎம்டபிள்யூ எம்2 மாதிரி 450 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள வண்டி அப்படியில்லை. நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலு நொடி சொச்சத்தில் தொடும், 120இல் போகும்போதும் உள்ளே வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பது மாதிரி அமைதி. அதன் எல்லை நம் எல்லைக்கு எங்கேயோ அப்பால் இருக்கிறது. அதனால் நம் கை தாங்காத இடத்தைத் தாண்டும்போது வண்டி எதுவும் சொல்லாது, தன் எல்லை வரும்போதுதான் சொல்லும், அந்த வேகத்தில் திருத்த நேரம் இருக்காது. நம் கரையில் சின்ன வத்தையில் காற்றும் நீரோட்டமும் பழகிய பிறகுதான் விசைப்படகில் சுக்கான் பிடிக்க விடுவார்கள், அதே காரணம்தான் இங்கேயும்.

ஆகவே முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கிற டிராக்‌ஷன் கன்ட்ரோல் எதையும் அணைக்காதீர்கள், வண்டியை இன்னும் துடிப்பாக்கும் ஸ்போர்ட் பட்டனையும் தொடாதீர்கள். டேஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலின் மஞ்சள் விளக்கு மினுக்கினால் வண்டி உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று அர்த்தம். எங்கே மினுக்கியது, அப்போது கால் என்ன செய்தது, ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருந்தது என்று அன்றைக்கே உட்கார்ந்து யோசியுங்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் மாதம் ஒன்பது தடவை, அதில் ஏழு தடவை வளைவு முடியும் முன்பே ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தது.

உட்காரும் விதத்தைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். பிரேக்கை அடிவரை அழுத்தும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் போய் உட்கார வேண்டும். சாய்ந்து படுத்துக்கொண்டு ஓட்டுகிறவரால் அவசரத்தில் பிரேக்கை முழுதாக மிதிக்க முடியாது.

அப்புறம் பிரேக். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், நீங்களும் செலவழியுங்கள், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு தடவைகூட பிரேக்கை முழு பலத்தோடு மிதித்ததில்லை. பிளாட் போட்டு, தார் ரோடும் போட்டு, ஒரு வீடும் வராமல் கிடக்கிற லேஅவுட் நம் ஊர்ப் பக்கம் நிறைய இருக்கிறது. உரிமையாளரிடம் கேட்டு அனுமதி வாங்கி, விடிந்ததும் போய், ஆடு மேய்க்கிறவர்களோ பிள்ளைகளோ இல்லை என்று ஒரு சுற்று நடந்தே பார்த்துவிட்டு, ரோட்டைப் பெருக்கிவிட்டு, 40இல் ஆரம்பியுங்கள். ஒரே மிதி, முழு பலம், வண்டி நிற்கும்வரை காலை எடுக்கக் கூடாது. காலுக்கடியில் பெடல் தடதடவென்று அதிரும், அதுதான் ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு. அந்த அதிர்ச்சியில் காலைத் தளர்த்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பயம் போனதும் 60. அது பழகியதும் வழியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்து, முழு பிரேக்கில் இருக்கும்போதே அதைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான், சக்கரம் பூட்டிக்கொள்ளாததால் ஸ்டியரிங் வேலை செய்யும். ஈரத் தரையில் பழக தண்ணீர் லாரி வைத்து ஊற்றலாம் என்பார்கள், நம் மாவட்டத்தில் அந்தப் பாவம் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழைக்குக் காத்திருங்கள்.

குடத்தைச் சுற்றும்போது ஒன்று உடம்பில் பதியும். டயரிடம் இருக்கிற பிடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுதான், அதைத்தான் பிரேக்குக்கும் திரும்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் பங்கு போட வேண்டும். முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. ஏபிஎஸ் செய்வது பிரேக்கின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்துத் தருவதுதான். அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே நேராகப் போகும்போது குறையுங்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்சக்கரத்துக்குப் போய்ப் பின்பக்கம் லேசாகி வழுக்கும், எஞ்சின் பின்னால் இருக்கும் போர்ஷே 911 இந்தக் குணத்துக்குப் பெயர்போனது. வழுக்கிவிட்டதா? மோதப் போகிற கல்லைக் கண் பார்க்கக் கூடாது, போக வேண்டிய ரோட்டைப் பார்க்க வேண்டும், கை கண்ணின் பின்னால் தானாக வரும்.

இனி நம் ரோடுகள். தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரை, கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரை, நூல் பிடித்த மாதிரி நேர் ரோடும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலமும் பார்த்தால் கால் தானாக அழுத்தும். கணக்கைப் பாருங்கள். 100இல் போகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் போகிறது, கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, அப்புறம் நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தால் நிற்க 40 மீட்டர், ஆக 68. அதே வண்டி 160இல் போனால் அந்த முதல் நொடிக்கே 44 மீட்டர், நிற்க சுமார் 100, ஆக ஏறக்குறைய 145 மீட்டர் வேண்டும். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை 50 மீட்டருக்கு முன்னால் இறங்கினால் காரின் விலை எவ்வளவாக இருந்தாலும் நிற்காது. ஆட்டுக்குப் பின்னால் ஓடிவருகிறவர் ஒரு மனிதர்.

தனுஷ்கோடி ரோடு தனி. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்த பிறகு அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்து திறந்தது 2017இல்தான். ஒரு பக்கம் ஆண் கடல் என்கிற மன்னார் வளைகுடா, ஒரு பக்கம் பெண் கடல் என்கிற பாக் நீரிணை, நடுவில் மணல். சோழகக் காற்று (தென்காற்று) அடிக்கிற மாதங்களில் காலையில் பெருக்கி வைத்த மாதிரி இருக்கும் தார் மத்தியானத்தில் மணல் மூடிக் கிடக்கும். மணல் மேல் பிடிப்பு பாதிகூட இருக்காது என்று நினைத்தே ஓட்டுங்கள். மணல் திட்டு தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே போகும்போது பிரேக், ஆக்ஸிலேட்டர், ஸ்டியரிங் மூன்றையும் தொந்தரவு செய்யாமல் உருண்டு போங்கள். பாம்பன் ரோடு பாலத்தில் வேகமே வேண்டாம், ரயிலும் கடலும் பார்க்க வண்டியை நிறுத்தி ஜனங்கள் இறங்கி நிற்கிறார்கள், பக்கவாட்டுக் காற்றும் திடீரென்று தள்ளும்.

வண்டியை வேகமாக ஓட்டியே ஆக வேண்டும் என்று இருந்தால், இருக்கும், அதற்குத்தானே வாங்கினோம், டிராக்குக்குப் போங்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2 கிலோமீட்டர் சுற்று, சின்னது, புதிதாகப் பழகுகிறவருக்கு ஏற்றது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், அங்கே வேகம் அதிகம், இரண்டாவதாகப் போங்கள். பக்கத்தில் பயிற்சியாளரை உட்காரவைத்து ஓட்டும் அரை நாள், தனியாக ஐந்து வருடம் ஓட்டியதை விட அதிகம் கற்றுக்கொடுக்கும். முடிந்தால் முதல் தடவை அங்கே கிடைக்கிற சின்ன வண்டியில் ஓட்டுங்கள், அதில்தான் டயர் பேசுவது காதில் விழும். ஒன்று நினைவிருக்கட்டும், சாதாரண கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகப் பரீட்சைக்கும் காப்பீடு கிடையாது. பாலிசியை எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

பராமரிப்பில் நம் கரைக்கென்று சில விஷயங்கள். செகண்ட் ஹாண்டில் வாங்கினால் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கும், டயரில் பட்டன் (மேலே உள்ள வெட்டுகள்) நன்றாகவே இருக்கும், ரப்பர் கட்டையாகியிருக்கும், அதில் 450 குதிரைத்திறனைப் போட்டால் வழுக்காமல் என்ன செய்யும். நிறைய வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது, கருவேல முள்ளுக்கு அது தெரியாது, அதனால் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். கடல் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றே அடிப்பக்கம் கழுவுங்கள், போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்.

சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மச்சான் ஒரு ரவுண்டு போய்வருகிறேன் என்று கேட்பார், தம்பி முறையில் இருபது வயசுப் பையன் கேட்பான், மறுத்தால் மனஸ்தாபம் வரும். நான் அவர்களைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து நானே ஓட்டிக் காட்டுகிறேன், ரொம்ப ஆசைப்பட்டால் மறுநாள் காலை லேஅவுட்டுக்கு வரச் சொல்கிறேன், 40இல் பிரேக் போடுவதிலிருந்து ஆரம்பிக்க. இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள், அதில் ஒருவன் இப்போது என்னை விட நன்றாகக் குடத்தைச் சுற்றுகிறான்.