ஒரு ஓ-ரிங்குக்காக லைன் நின்ன கதை

நான் பம்ப் அசெம்பிளி லைனுக்கு பிளானிங் பாக்குறேன், எங்ககிட்ட எல்லாமே ஜஸ்ட் இன் டைம் தான், அதாவது பார்ட் தேவைப்படுற நேரத்துக்குத்தான் வரும், ரெண்டு நாள் ஸ்டாக்குக்கு மேல வெச்சா ஏன்னு கேள்வி வரும். 2021 மார்ச்ல சூயஸ் கால்வாய்ல எவர் கிவன் கப்பல் 6 நாள் குறுக்க மாட்டிக்கிச்சுல்ல, அப்போ பின்னாடி நின்ன கப்பல் ஒண்ணுல எங்க ஓ-ரிங்கும் (லீக் ஆகாம தடுக்குற ரப்பர் வளையம்) இருந்துச்சு. கான்பான் கார்டு (பார்ட் தீருது, அடுத்தது அனுப்புன்னு சொல்ற அட்டை) மட்டும் தொங்குது, பார்ட் போடுற டப்பா காலி, மத்த 60 பார்ட்டும் ரெடியா இருந்தும் ஒரு பம்ப் வெளிய போகல.

அப்புறம் என்ன பண்ணேன்னா, ஒரே சப்ளையர்கிட்ட இருந்து வர்ற, கடல்வழியா வர்ற பார்ட்டை மட்டும் தனியா பிரிச்சேன், 9 தான் தேறுச்சு. சராசரி லீட் டைம் (ஆர்டர் போட்டதுல இருந்து சரக்கு வந்து சேர ஆகுற நாள்) வெச்சு கணக்கு போட்டதுதான் தப்பு. வழக்கமா 30 நாள், மோசமா போனப்ப 52, அந்த 22 நாள் வித்தியாசத்தை தினசரி தேவையால பெருக்கி சேஃப்டி ஸ்டாக், அதாவது சரக்கு லேட்டானா சமாளிக்க கூடுதல் கையிருப்பு வெச்சேன். ஃபைனான்ஸ்ல முறைச்சாங்க, ஓ-ரிங் அடைக்கிறது அரை ரேக் தான்னு காட்டினதும் விட்டுட்டாங்க.

டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்கு அப்புறம் சிப்புக்கு சில மாச ஸ்டாக் வைக்கச் சொல்லிடுச்சு, நாம எந்த மூலைக்கு! ரெண்டாவது சப்ளையர் சாம்பிள் இன்னும் டெஸ்டிங்ல கிடக்கு.