இருபக்கச் சொல் அட்டைகளை வீட்டிலேயே அச்சிட எந்த மென்பொருள்?

காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகள் பலவற்றில் தெருவில் தமிழும் அடுப்படியில் தெலுங்கும் பேசப்படுகின்றன. எங்கள் வீடும் அப்படித்தான். ஆகவே ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் தெலுங்குமாகக் குழந்தைகளுக்கான சொல் அட்டைகளை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரிலேயே அச்சிடுகிறேன். இதற்கான மென்பொருளில் அழகான டெம்ப்ளேட்டுகளைத் தேடாமல், இரு பக்கங்களையும் மில்லிமீட்டர் கணக்கில் பொருத்த முடிகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இணைய வடிவமைப்புத் தளமான கேன்வாவில் ஓர் அட்டையை விரைவாக அமைத்துவிடலாம்; ஆனால் ஒரே தாளில் பத்து வெவ்வேறு அட்டைகளை அடுக்கிப் பின்பக்கங்களை நேர்ப்படுத்துவது அதில் பெரும்பாடு. ஸ்கிரைபஸ் அச்சு வேலைக்கென்றே உருவானது, பழைய 1.4 வரிசையில் 'கெ', 'கொ' ஆகியவற்றின் கொம்பு இடம் மாறும் என்பதால் 1.6 பதிப்பையே நிறுவுங்கள். புதியவர்களுக்கு என் தேர்வு லிப்ரெஆபிஸ் தொகுப்பின் வரைகலைச் செயலியான டிராதான்: இலவசமானது, இணையம் இல்லாமலும் இயங்கும், யூனிகோடு எழுத்துருக்களைச் சிதைக்காது.

டிராவில் ஏ4 தாளை நெடுக்காக வைத்து இரண்டு பக்கங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 90×54 மி.மீ. பெட்டிகளைக் குறுக்கே இரண்டும் கீழ்நோக்கி ஐந்துமாக அடுக்குங்கள். இடவலத்தில் 15 மி.மீ., மேலும் கீழும் 13.5 மி.மீ. ஓரம் நிற்கும். பெட்டியைத் தேர்ந்து எஃப்4 விசையை அழுத்தினால் இடத்தையும் அளவையும் எண்ணாகவே கொடுக்கலாம். மவுஸால் இழுத்துப் பொருத்த வேண்டாம்.

சிக்கல் பின்பக்கத்தில்தான். தாளை நீள விளிம்பைச் சுற்றிப் புத்தகப் பக்கம்போலத் திருப்பும்போது இடப் பத்தி வலப்பக்கம் போய்விடும், வரிசைகள் மாறுவதில்லை. முன்பக்க முதல் வரிசையில் இடப்புறம் 'ஆடு', வலப்புறம் 'பசு' என்றிருந்தால், பின்பக்கத்தில் இடப்புறம் 'ஆவு' (பசு), வலப்புறம் 'மேக' (ஆடு) என்ற தெலுங்குச் சொற்கள் வர வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டின் முதுகில் பசு ஏறிக்கொள்ளும். எல்லா அட்டைகளும் ஒன்றேயான விசிட்டிங் கார்டுக்கு இந்த இடமாற்றம் தேவையில்லை.

பிறகு பிடிஎஃப் ஆக்கி, அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்பதை உறுதிசெய்யுங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவு அளவுகளைச் சுருக்கிவிடும். முதலில் சாதாரணத் தாளில் இரு பக்கமும் அச்சிட்டு டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் ஒன்றிரண்டு மி.மீ. விலகியிருந்தால், அப்பக்கத்தில் உள்ள அனைத்தையும் ஒரே குழுவாக்கி, எஃப்4 வழியே அந்த அளவுக்கு நகர்த்துங்கள். சிறு விலகல் எப்போதும் எஞ்சும் என்பதால் பின்பக்கத்தில் பார்டர் கோடு போடாதீர்கள். வெட்டுக்கோடுகள் முன்பக்கத்தில் மட்டும் போதும்.

பின்சேர்க்கை: தடித்த தாள் தானியங்கி இருபக்க அச்சில் சிக்குவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தனர். அந்த வசதியை அணைத்துவிட்டு, பின்புறத் தட்டின் வழியே ஒவ்வொரு தாளாகக் கொடுத்து, முதலில் 1ஆம் பக்கத்தையும் மை உலர்ந்தபின் 2ஆம் பக்கத்தையும் அச்சிடுங்கள். பிரிண்டரின் கையேடு எத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் தாள் எடை) வரை ஏற்கும் என்கிறதோ, அதற்கு மேற்பட்ட தாளை வாங்க வேண்டாம்.