உங்கள் காண்டாமிருகம் எங்கே நிற்கிறது என்று யாருக்கெல்லாம் தெரியும்?

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில், ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும். சொந்த நிலத்தில் காண்டாமிருகம் வைத்துக் காக்க நினைப்பவர்கள் வேலி எவ்வளவு உயரம், எத்தனை துப்பாக்கி, ட்ரோன் வாங்கலாமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலி வேண்டும், அதில் மின்சாரம் ஓட வேண்டும், தினமும் ஒருவர் அதை ஒட்டி நடந்து பார்க்க வேண்டும். வேலியைப் பற்றி இவ்வளவு போதும். இன்று மாலை உங்கள் காண்டாமிருகம் எந்தக் குட்டையோரம் மேய்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சொல்லுங்கள்.

ஒரு தாய்க் காண்டாமிருகத்தைப் பறிகொடுத்த பிறகுதான் நாங்களே இதைக் கேட்டுக்கொண்டோம். பௌர்ணமி இரவு. கொம்புக்காக வந்த கள்ளவேட்டைக்காரர்கள் தேடி அலையவே இல்லை. வேலியிலிருந்து நூல் பிடித்தாற்போல அவள் படுத்திருந்த புதருக்குப் போயிருந்தது காலடித் தடம். அன்று மாலை சுற்றுலா வண்டி ஓட்டுநர் ஒருவர், விருந்தினர்களை மகிழ்விக்கும் ஆர்வத்தில், இடத்தின் பெயரை அப்படியே வாக்கி டாக்கியில் சொல்லியிருந்தார். கேட்டவர்களில் ஒருவர் கழுத்தளவு கடனில் இருந்தார். அவரும் எங்கள் ஆள்தான்.

ஆகவே முதல் வேலை வாயைக் கட்டுவது. வாக்கி டாக்கியில் காண்டாமிருகம் என்ற சொல்லே வரக்கூடாது. இடங்களுக்குக் குறியீடு வையுங்கள், அதையும் அடிக்கடி மாற்றுங்கள். தினசரிப் பதிவேடு ஒருவர் பொறுப்பில் பூட்டியிருக்கட்டும். விருந்தினர்களின் கைபேசியில் இருப்பிடப் பதிவை நிறுத்திய பிறகே படம் எடுக்க விடுங்கள். சம்பளம் சொன்ன தேதியில் போய்ச் சேரட்டும். ட்ரோனுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை ஊழியர்களின் அவசரக் கடனுக்கு மாற்றச் சொல்லி நான் போட்ட சண்டை பெரிது. இன்றும் அதற்காக வருந்தவில்லை.

வெள்ளைக் காண்டாமிருகத்தின் ஆண், சாணம் போட ஒரே குவியலுக்குத் திரும்பத் திரும்ப வரும். நமக்கு வசதி, திருடனுக்கும் வசதி. ரோந்து நேரத்தை அந்தக் குவியலைப்போல நிலையாக வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கொம்பு. கொம்பு நகத்தைப்போல கெரட்டின். வேரைத் தொடாமல் அறுத்தால் மீண்டும் வளரும். கொம்போடு கம்பீரமாகப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் குரூகர் தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய காப்பகங்களும் சேர்ந்த பெரிய குரூகர் பகுதியில் 2017 முதல் 2023 வரை பதினொரு காப்பகங்களை ஆராய்ந்தவர்கள், கொம்பை அகற்றியதால் கள்ளவேட்டை 78 சதவீதம் குறைந்ததைக் கண்டார்கள். அதற்கு ஆன செலவோ பாதுகாப்புச் செலவில் 1.2 சதவீதம்தான்.

மாகாண அரசின் அனுமதி கைக்கு வராமல் எதையும் தொடாதீர்கள். விடியற்காலைக் குளிரில் தொடங்குங்கள். வெயில் ஏறினால் மயங்கிய விலங்கின் உடல் சூடாகிவிடும். கால்நடை மருத்துவர் ஹெலிகாப்டரிலிருந்து எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து ஊசியைச் சுடுவார். மனிதருக்கு அதில் மிகச் சிறிய அளவே உயிர்க்கொல்லி. மாற்று மருந்து நமக்கும் சேர்த்துத் தயாராக இருக்க வேண்டும். விழுந்ததும் கண்ணைத் துணியால் கட்டி, காதுகளில் பஞ்சு திணித்த பழைய காலுறையைச் செருகுவோம். என் இடம் மூக்கருகில். உள்ளங்கையை நாசித்துளைக்கு முன் நீட்டி, வெந்நீர் ஆவிபோல வரும் மூச்சை எண்ணி உரக்கச் சொல்வேன். இடைவெளி நீண்டால் மருத்துவர் ரம்பத்தை நிறுத்தச் சொல்வார். ரம்பம் கொம்பில் இறங்கும்போது தலைமுடி கருகும் நாற்றம் வீசும். முதல் முறை எனக்குக் குமட்டியது. அடியில் ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டு அறுத்து, விளிம்பைத் தேய்த்து உருட்டுகிறோம். கீழே விரித்த தார்ப்பாயில் விழும் தூளைக்கூட அள்ளி எடை போடுங்கள், அதற்கும் விலை உண்டு. கொம்பில் மைக்ரோசிப் பதியும். மரபணு மாதிரி பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டபூர்ட் கால்நடை மரபணு ஆய்வகத்துக்குப் போகும். எங்கோ பிடிபடும் கொம்பு எந்த விலங்குடையது என்று அங்கிருந்துதான் தெரியவரும்.

தாயோடு குட்டி இருந்தால் அதையும் மயக்கிப் பக்கத்திலேயே கிடத்துங்கள். மாற்று மருந்து ஏறிய சில நிமிடங்களில் தாய் எழும். வெள்ளை இனத்தில் குட்டி முன்னே ஓட, தாய் பின்னே போகும். கருப்பு இனத்தில் தாய்க்குப் பின்னேதான் குட்டி. அவை சேர்ந்து புதருக்குள் மறையும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்.

அறுத்த கொம்பை ஓர் இரவுகூடக் காப்பகத்தில் வைத்திருக்காதீர்கள். அன்றே வெளியே பாதுகாப்பான பெட்டகத்துக்கு அனுப்புங்கள். எந்த வண்டியில், எந்த வழியில் என்பது எங்களில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். இங்குள்ளவற்றுக்குக் கொம்பு இல்லை என்று வாசலில் பலகை மாட்டலாம். ஆனாலும் மிஞ்சிய அடித்துண்டுக்காகவே கொன்றவர்கள் உண்டு. பதினெட்டு மாதம், மிஞ்சினால் இரண்டு ஆண்டில் மறுபடியும் அறுக்க வேண்டியிருக்கும். அதனால் கொம்பெடுத்த இரவிலும் எங்கள் ரோந்து உண்டு. எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்.