மின்மோட்டாரா, குளோ எஞ்சினா? வீவக அடுக்குமாடி வீட்டிலிருந்து விமானம் விடப்போகும் புதியவர்களுக்கு

ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எதுக்குப் பவர் அதிகம்?" என்பதைத்தான். பவர் இரண்டிலும் தேவைக்கு மேலேயே கிடைக்கும். சிங்கப்பூரில் இருப்பவர் பார்க்க வேண்டியது வேறு. அந்த விமானமும் அதன் தீனியும் வீட்டில் எங்கே இருக்கும், எதில் ஏறித் திடலுக்கு வரும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், எஞ்சினா மோட்டாரா என்ற கேள்வி பாதி தீர்ந்த மாதிரி. அந்த வரிசையிலேயே போகலாம்.

முதலில் இரண்டும் என்னவென்று சுருக்கமாக.

மின்மோட்டார் என்றால் இன்றைக்கு பிரஷ்லெஸ் மோட்டார்தான். லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை இஎஸ்சி என்ற சின்னக் கருவி நாம் தள்ளும் த்ராட்டிலுக்கு (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) ஏற்ப மோட்டாருக்கு அளந்து கொடுக்கிறது. பேட்டரியைச் செருகினால் தயார்.

குளோ எஞ்சின் உள்ளங்கையில் அடங்கும் நிஜ எஞ்சின். பிஸ்டன், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாம் உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தீப்பொறி கிடையாது. பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். கிளப்பும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த மின்சாரத்தை எடுத்துவிடலாம். எரிதலின் சூடும், மெத்தனால் பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் பார்த்துக்கொள்ளும். எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய். பல கலவைகளில் அந்த எண்ணெய் நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். திடலில் அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறும்போது எனக்குப் பாட்டி வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

படி 1: திடலுக்கு எதில் போகிறீர்கள்?

எம்ஆர்டி ரயில் நிலையத்தில் ஒட்டியிருக்கும் அபராதப் பலகையை எல்லோரும் பார்த்திருப்போம். சாப்பிட்டால் 500 வெள்ளி, புகைபிடித்தால் 1,000 வெள்ளி, எளிதில் தீப்பற்றும் பொருள் கொண்டுவந்தால் 5,000 வெள்ளி. மெத்தனால் அந்த மூன்றாவது வரியில் வரும் பொருள். ஆகவே சொந்த வண்டி இல்லாதவர், வண்டி வைத்திருக்கும் நண்பரும் இல்லாதவர், குளோ எஞ்சினை இப்போதைக்கு மறந்துவிடலாம். வண்டி வாங்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ விற்கும் விலையில் வண்டி வாங்கியா இதைச் செய்ய முடியும்?

தபாலில் வரவழைக்கலாமே என்றால் அதுவும் நடக்காது. தீப்பற்றும் திரவத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. நேரில் போய் வாங்கித்தான் கொண்டுவர வேண்டும்.

படி 2: வீட்டில் எங்கே வைப்பீர்கள்?

குளோ எரிபொருளை அடுக்குமாடி வீட்டுக்குள் வைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மெத்தனால் நஞ்சு. விழுங்கினால் கண்பார்வை போகும், உயிரும் போகலாம். தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்கே தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதற்குமேல் யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று, மெத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் மூடி சரியாக மூடாத கேன் சில வாரங்களில் கெட்டுவிடும். அப்புறம் எஞ்சின் ஏன் ஒழுங்காக ஓடவில்லை என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்காக மின்மோட்டார் ஆபத்தே இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். லிப்போ பேட்டரியும் தீப்பிடிக்கும். அதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். அதைப் படி 5-இல் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு: பேட்டரியின் ஆபத்து நம் பழக்கத்தால் கட்டுப்படும். கேனில் இருக்கும் நாலு லிட்டர் மெத்தனால் அப்படி இல்லை.

படி 3: எடையும் சட்டமும்

இங்கே பலர் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கணக்கில் நம் விளையாட்டு விமானமும் ட்ரோனைப்போல ஆளில்லா விமானம்தான். 250 கிராமுக்கு மேல் எடை இருந்தால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். எடை 1.5 கிலோவைத் தாண்டினால், பொழுதுபோக்குக்காக விடுபவரும் அடிப்படைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டு விமானங்களையும் தராசில் வைப்போம். புதியவர்கள் வாங்கும் 1.2 மீட்டர் இறக்கை அகலமுள்ள நுரை விமானம், பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ. குளோ எஞ்சினில் பழகுபவர்கள் காலங்காலமாக வாங்குவது 0.40 கன அங்குல, அதாவது 6.5 சிசி எஞ்சின் பூட்டிய பால்சா மர விமானம். அதன் இறக்கை 1.6 மீட்டர், எடை இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. முதலாவதற்குப் பதிவு போதும். இரண்டாவதற்குப் பயிற்சியும் வேண்டும். தரையிலிருந்து எழும்பும் முன்பே ஒரு படி கூடிவிடுகிறது.

எந்த விமானமாக இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலே விடவும், விமானத் தளங்களுக்கு 5 கிலோமீட்டருக்குள் விடவும் அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஐந்தையும் வைத்து வட்டம் போட்டுப் பாருங்கள், தீவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். வீட்டுக்குக் கீழே உள்ள திடல் காலியாகத்தானே இருக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள். ஒன்மேப் என்ற அரசாங்க இணைய வரைபடத்தில் இடத்தைச் சரிபாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால் ஆணையத்தின் இணையத்தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: மின்மோட்டார் என்றால், ஒரு சின்னக் கணக்கு

கடையில் யாராவது ஒரு மோட்டாரைக் காட்டி இதுதான் சரி என்றால், நீங்களே சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பழகும் விமானத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 200 வாட் போதும் என்பது நடைமுறைக் கணக்கு.

விமானம் 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 240 வாட் வேண்டும். மூன்று செல் லிப்போவின் சராசரி மின்னழுத்தம் 11.1 வோல்ட். 240-ஐ 11-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 ஆம்பியர். ஆக, 30 ஆம்பியர் இஎஸ்சி வாங்கினால் கொஞ்சம் இடைவெளியோடு நிம்மதியாக ஓடும். அளவெடுத்தாற்போல் 22-க்கே வாங்கினால் நம் வெயிலில் அது கொதித்துப்போகும்.

பேட்டரி 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) போதும். அதில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்தப் போகிறோம், அதாவது 1760. முழு த்ராட்டிலில் யாரும் தொடர்ந்து ஓட்டுவதில்லை. சராசரியாக 10 ஆம்பியர் இழுத்தால் பத்து நிமிடம் வரும். முதல் சில தடவை, கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரில் 6 நிமிடத்துக்கு டைமர் வைத்து இறக்கிவிடுங்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்த்து, அப்புறம் நேரத்தைக் கூட்டலாம்.

மோட்டாரில் கேவி என்று ஒரு எண் இருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. பெரிய எண் என்றால் நல்ல மோட்டார் என்று அர்த்தமில்லை. மோட்டாருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ப்ராப் (முன்னால் சுற்றும் விசிறி) அளவை மாற்றாதீர்கள், அது போதும்.

படி 5: பேட்டரிப் பழக்கம்

என் முதல் பேட்டரியை நான் கெடுத்தது பறக்கவிட்டு அல்ல. சனிக்கிழமை திடலுக்குப் போகலாம் என்று வெள்ளி இரவே முழுதாகச் சார்ஜ் போட்டேன். சனிக்கிழமை மழை. அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து அலமாரியைத் திறந்தபோது, தட்டையாக இருந்த பேட்டரி தலையணைபோல உப்பியிருந்தது. ஓரத்தை விரலால் தொட்டால் உள்ளே காற்று அடைத்த மாதிரி மெத்தென்று இருந்தது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது. நானும் போடவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம். பறக்கவிடும் நாளன்று காலையில்தான் முழு சார்ஜ், செல்லுக்கு 4.2 வோல்ட். போக முடியாமல் போனால் அன்றே சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற அமைப்பைப் போட்டு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். சார்ஜ் வேகம் ஒரு சி, பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமமான வேகம், அதாவது 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், சுமார் ஒரு மணி நேரம். எல்லா செல்லையும் ஒரே அளவில் வைக்கும் பேலன்ஸ் ஒயரை எப்போதும் செருகித்தான் போடுவேன். பேட்டரி தீப்பிடிக்காத பையில், தரை ஓட்டின் மேல் இருக்கும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அது. தூங்கும்போதும் கடைக்குப் போகும்போதும் சார்ஜ் போடவே வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

ஊரிலிருந்து பேட்டரி வாங்கி வருபவர்களுக்கு: 2200 எம்ஏஎச், 11.1 வோல்ட் என்றால் சுமார் 24 வாட்-மணி. விமான நிறுவனங்கள் முன் அனுமதி கேட்கும் 100 வாட்-மணி எல்லைக்குக் கீழேதான். ஆனால் முனைகளை டேப் ஒட்டி மூடி, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

இன்னும் ஒன்று, இதை மறக்கவே கூடாது. பேட்டரி செருகியிருக்கும் வரை ப்ராப் எந்த நொடியும் சுற்றும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளோ எஞ்சின் நின்றால் நின்றதுதான். மின்மோட்டார் சத்தமில்லாமல் காத்திருக்கும், சட்டைக்கை பட்டு த்ராட்டில் நகர்ந்தால் போதும். வீட்டில் சரிபார்க்கும்போது ப்ராப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

படி 6: குளோ எஞ்சின் கிளம்புவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு இதைச் செய்து காட்டியவர் திடலில் முப்பது வருடமாக எஞ்சின் ஓட்டும் ஓர் அண்ணன்.

டேங்கை நிரப்பினார். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வை முழுதாக மூடி, இரண்டரைச் சுற்றுத் திறந்தார். கார்புரேட்டர் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு ப்ராப்பை மூன்று தடவை திருப்ப, குழாயில் எரிபொருள் ஏறி வந்தது. பிறகுதான் பிளக்கில் 1.5 வோல்ட் இணைப்பை மாட்டினார். வாலை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "கெட்டியா பிடி தம்பி, விட்டுடாதே." ஸ்டார்ட்டரை விமானத்தின் மூக்கில் வைத்து அழுத்தியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. என் இரண்டு கையும் அதிர்ந்தன. கிளம்பியதும் அவர் ப்ராப்பை விட்டு விலகி, சுற்றி நடந்து பின்பக்கம் வந்து, பிளக் இணைப்பைப் பின்னாலிருந்து எடுத்தார். சுற்றும் ப்ராப்புக்கு மேலாக ஒருபோதும் கை நீட்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொன்னார்.

அப்புறம்தான் உண்மையான வேலை. முழு த்ராட்டில் கொடுத்து, நீடிலை ஒவ்வொரு கிளிக்காக மூடினார். தொண்டை கட்டியதுபோல் ஒலித்த சத்தம் மெல்ல மெல்லத் தெளிந்து, ஓர் இடத்தில் கூர்மையாக ஏறியது. "இதுதான் உச்சம். இங்கேயே விட்டா மேலே போய் சூடாகி நின்னுடும்" என்று சொல்லி, இரண்டு மூன்று கிளிக் திறந்தார். விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். சத்தம் தொய்யவில்லை. சரி என்று தலையாட்டினார்.

இது காதால் கற்கும் கலை. அழகானது, ஆனால் நேரம் கேட்கும். புது எஞ்சினை முதல் ஓரிரு டேங்க் எரிபொருளைத் தாராளமாக விட்டுத் தரையிலேயே ஓட்டிப் பழக்க வேண்டும். ஒரு பறப்புக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் போகும், ஒரு கேலன் கேன் பன்னிரண்டு பறப்புக்கு வரும். ஒவ்வொரு நாளும் முடிவில் டேங்கை வடித்து, எஞ்சினுக்குள் மிச்சமிருப்பதை ஓடித் தீரவிட்டு, பாதுகாப்பு எண்ணெய் நாலு சொட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஈரப்பதத்தில் பேரிங் துருப்பிடித்துவிடும். விமானம் முழுக்கப் படியும் எண்ணெயையும் துடைக்க வேண்டும்.

படி 7: வாங்கும் வரிசை

வண்டி இல்லாதவர், குழந்தைகளோடு இருப்பவர், வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர் மூவருக்கும் என் பதில் மின்மோட்டார்தான். யோசிக்க ஒன்றுமில்லை. வண்டியும், எரிபொருள் வைக்கப் பாதுகாப்பான இடமும், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும், பக்கத்தில் சொல்லித்தர ஒரு மூத்தவரும் இருப்பவர்கள் குளோவில் தொடங்கலாம். அவர்களிலும் பறக்கக் கற்பதை மின்மோட்டாரில் முடித்துவிட்டு வருபவர்கள் விமானத்தை உடைப்பது குறைவு. நடுவானில் எஞ்சின் நின்று விமானம் சறுக்கி இறங்கும்போது, கை ஏற்கெனவே பழகியிருக்கும்.

முதலில் நல்ல டிரான்ஸ்மிட்டர் வாங்குங்கள். ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். நாளைக்குக் குளோவுக்கு மாறினாலும் அதே டிரான்ஸ்மிட்டர் உதவும். அடுத்து பேலன்ஸ் சார்ஜர், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பிறகு விமானம், ஒரே அளவில் இரண்டு பேட்டரி, மாற்று ப்ராப் மூன்று. எல்லாம் வந்ததும் கணினி சிமுலேட்டரில் இரண்டு வாரம் பழகுங்கள். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும், அது கைக்குப் பழகும் வரை திடலுக்குப் போக வேண்டாம்.

ஞாயிறு காலை ஏழரைக்கே திடலுக்கு வந்துவிடுங்கள். காற்று அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. குளோ எஞ்சின் வைத்திருக்கும் யாராவது இருந்தால் பக்கத்தில் போய், "வாலை நான் பிடிச்சுக்கட்டுமாண்ணே?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.